லயன் அறையின் மின்மானி சொல்லும் கணக்கு

ஹற்றன் நகரிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குப் பயணிப்போர் முதலில் காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் பின்னர் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தையும் காண்பர். இவ்விரு நீர்த்தேக்கங்களையும் ஆதாரமாகக் கொண்டே விமலசுரேந்திர, பழைய லக்ஷபான, கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய ஆகிய ஐந்து மின் நிலையங்கள் இயங்குகின்றன. இவற்றின் மொத்தக் கொள்ளளவு 300 மெகாவாட்டைத் தாண்டும். 2012 ஆம் ஆண்டு தலவாக்கலையை மையமாகக் கொண்டு 150 மெகாவாட் கொள்ளளவுடைய மேல் கொத்மலைத் திட்டமும் இவற்றுடன் சேர்ந்து கொண்டது. நாட்டுக்கு ஒளியூட்டும் நீரில் கணிசமான பங்கு தேயிலை மலைகளிலிருந்தே இறங்குகிறது என்பதை எவரும் மறுக்க முடியாது.

ஆயினும் அந்த ஒளி இம்மலைகளில் வாழும் மக்களின் வாசலை வந்தடைவதற்கு நீண்ட காலம் எடுத்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் சிறு நீர்மின் நிலையமொன்றை அமைத்து நுவரெலியா நகருக்கு மின்சாரம் வழங்கியது 1912 இல் ஆகும். லக்ஷபானத் திட்டத்தின் முதற்கட்டம் 1950 இல் நிறைவுற்றது. தேயிலைத் தொழிற்சாலைகள் பல அதற்கும் முன்பிருந்தே தமது ஓடைகளில் சிறு சுழலிகளைப் பொருத்தி இயந்திரங்களை ஓட்டின. ஆனால், அதே தொழிற்சாலைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர்களின் லயன் அறைகளில் அதன் பின்னரும் பல தசாப்தங்களாகக் குப்பி விளக்கே எரிந்தது. உயர் அழுத்த மின்கம்பிகள் கூரைக்கு மேலாகச் செல்ல, அதன் கீழிருந்து மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே ஆசிரியர்களாகவும் அதிபர்களாகவும் இருக்கின்றனர்.

வீட்டு மின்பாவனையைக் கண்காணித்துக் குறைத்துக் கொள்ளுமாறு மக்களுக்கு அறிவுரை வழங்கப்படும்போதெல்லாம் இந்த வரலாறும் சேர்த்தே நினைவில் கொள்ளப்பட வேண்டும் என்பதற்காகவே இதனை இங்கு குறிப்பிட்டோம். அறிவுரை பிழையானதல்ல. அது யாருக்கு, எந்த நிலையில் கூறப்படுகிறது என்பதே கேள்வி.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி மின் கட்டணத்தை ஒவ்வொரு குடும்பத்தினதும் முதன்மைப் பிரச்சினையாக்கியது. ஒன்பது ஆண்டுகளாக உயர்த்தப்படாதிருந்த கட்டணம் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் சராசரியாக 75 வீதத்தினாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தினாலும் அதிகரிக்கப்பட்டது. இந்தச் சராசரி வீதங்கள் உண்மையை மறைப்பவை. நெருக்கடிக்கு முன்னர் மாதமொன்றுக்கு 30 அலகு பாவித்த வீடு அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணமாக 30 ரூபாவும் சேர்த்து 105 ரூபா செலுத்தியது. 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு, அலகுக்கு 30 ரூபா வீதமும் நிலையான கட்டணம் 400 ரூபாவுமாக 1,300 ரூபா செலுத்த வேண்டியிருந்தது. பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. மிகக் குறைவாகப் பாவிப்பவர் மீதே மிகப் பெரிய மடங்கு சுமத்தப்பட்டது. இதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 2022 ஓகஸ்ட் மாதத்தில், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது. எனவே பழைய விளக்கிற்குத் திரும்பிச் செல்லும் வழியும் அடைபட்டிருந்தது. கட்டணம் செலுத்த முடியாமல் நாடெங்கும் பெருந்தொகையான இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

அதன் பின்னர் நிலைமை ஓரளவு சீரடைந்தது. 2023 ஜூலையில் 30 அலகுக்குட்பட்ட பாவனையாளர்களுக்கான கட்டணம் அலகுக்கு 10 ரூபாவாகவும் நிலையான கட்டணம் 150 ரூபாவாகவும் குறைக்கப்பட்டது. இடையில் ஒருமுறை உயர்ந்து, 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் மீண்டும் இறங்கி, 2025 ஜனவரியில் மேலும் 20 வீதம் குறைந்து, ஜூனில் 15 வீதம் ஏறியது. இத்தனை ஏற்ற இறக்கங்களுக்கு மத்தியிலும் மாறாதிருந்த ஒன்று, கட்டணத்தின் படிக்கட்டு அமைப்பாகும். 30, 60, 90, 120, 180 என்ற எல்லைகளைக் கடக்கும்போது அலகின் விலையுடன் நிலையான கட்டணமும் தாவுகிறது. அத்துடன் 60 அலகைக் கடந்தவருக்கு முதல் 60 அலகுகளுக்கான சலுகை விலையும் இல்லாமற் போகிறது.

இதனை 2023 பெப்ரவரிக் கட்டணத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். 60 அலகு பாவித்தவருக்கு 2,560 ரூபா. 61 அலகு பாவித்தவருக்கு 3,212 ரூபா. ஒரேயொரு அலகுக்கு 652 ரூபா வித்தியாசம். 90 அலகிலிருந்து 91 அலகுக்குச் சென்றவரின் பட்டியல் 4,430 ரூபாவிலிருந்து 5,330 ரூபாவாக உயர்ந்தது. அதாவது 900 ரூபா. மலைச்சரிவில் ஒரு பகல் முழுவதும் நின்று பறித்த கொழுந்தின் கூலியில் பெரும்பகுதி, அயன் பண்ணிய ஒரு மணித்தியாலத்தில் கரைந்து போனது. விலைகள் இன்று அந்த உச்சத்தில் இல்லை. ஆனால் படியின் விளிம்பில் நிற்பவருக்குத்தான் சிக்கனத்தின் முழுப் பலனும் கிட்டுகிறது என்ற உண்மை அப்படியே இருக்கிறது. 75 அலகு பாவிக்கும் வீட்டில் ஐந்து அலகைக் குறைப்பதற்கும் 63 அலகு பாவிக்கும் வீட்டில் ஐந்து அலகைக் குறைப்பதற்கும் இடையே பாரிய வேறுபாடு உண்டு.

ஆகவே மின்பாவனையைக் கண்காணித்தல் என்பதன் பொருள், மாத இறுதியில் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதல்ல. இஸ்தோப்புச் சுவரில் உள்ள மின்மானியைத் தினமும் ஒரே நேரத்தில், பிரட்டுக்குப் புறப்படும் முன் என்று வைத்துக் கொள்வோம், பார்த்து எண்ணைக் குறித்துக் கொள்வதாகும். பட்டியல் கணிக்கும்போது இரண்டு வாசிப்புகளுக்கிடையிலான நாட்களின் எண்ணிக்கைக்கேற்பப் படிகளின் எல்லையும் நீட்டப்படுகிறது அல்லது சுருக்கப்படுகிறது. 33 நாட்களுக்குப் பின்னர் வாசிப்பாளர் வந்தால் 60 அலகு எல்லை 66 ஆகிவிடும். ஆகையால், மாதக் கணக்கை மறந்து நாளுக்கு ஓர் அலகு, இரண்டு அலகு, மூன்று அலகு என்று நினைவில் வைத்தால் போதுமானது. பாடசாலை செல்லும் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தால் அது செய்துவிடும். நமது வீட்டில் இதனை இரண்டு வாரம் செய்து பார்த்தபோது, குற்றவாளி என்று நாம் சந்தேகித்த தொலைக்காட்சி நிரபராதி என்றும், காலையில் நாமே போடும் வெந்நீர் ஹீட்டர்தான் திருடன் என்றும் தெரிய வந்தது.

மலையகத்தைப் பொறுத்தவரை வெந்நீரே முக்கியமான விடயம். கொழும்பிலிருந்து எழுதப்படும் சிக்கன ஆலோசனைகள் மின்விசிறி, குளிரூட்டி என்று தொடங்குகின்றன. நுவரெலியாவில் அவை யாருக்குத் தேவை? 15 பாகை குளிர்ந்த நீரில் 20 லீற்றரை 45 பாகைக்குச் சூடாக்குவதற்கு ஏறத்தாழ 0.7 அலகு மின்சாரம் வேண்டும். மின்சுருள் கொண்ட சாதாரண ஹீட்டர் எதைக் கொண்டு சூடாக்கினாலும் குறைந்தபட்ச விலை இதுவாகும். நாளுக்கு ஓர் அலகு என்ற எல்லைக்குள் வாழ முயலும் குடும்பம், ஒருவர் குளிப்பதற்கு ஒரு வாளி நீரைச் சூடாக்கினாலே அன்றைய பங்கில் மூன்றில் இரண்டு தீர்ந்துவிடும். ஒரு லீற்றர் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைக்கச் சுமார் 0.1 அலகு செல்லும். மழைக்கால வீட்டில் ஐந்து தடவை தேநீர் என்றால் அரை அலகு. இவற்றோடு ஒப்பிடுகையில் விளக்குகளின் கணக்கு எளிதானது. பழைய 60 வோட்ஸ் மின்குமிழ் மூன்றை ஐந்து மணித்தியாலம் எரித்தால் 0.9 அலகு. அதே ஒளியை 9 வோட்ஸ் எல்.ஈ.டி. குமிழ்கள் தருமானால் 0.14 அலகுக்கும் குறைவு. குமிழை மாற்றுவதைவிட விரைவாகச் செலவை மீட்டுத் தரும் முதலீடு வேறில்லை. பெரும்பாலான வீடுகளில் இது ஏற்கெனவே நடந்தும் விட்டது.

இங்குதான் ஒரு கசப்பான விடயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெந்நீருக்கும் சமையலுக்கும் மின்சாரத்தைக் குறைத்தால் அந்த வேலை மறைந்து விடுவதில்லை. அது விறகு அடுப்புக்குப் போகிறது. விறகைத் தேடிச் சுமப்பவர்கள், நாள் முழுவதும் கூடை சுமந்து திரும்பிய பெண்களேயாவர். சன்னல் இல்லாத குசினியில் அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் அவர்களே. மின்மானியில் பதியப்படும் குறைவை மாத்திரம் பார்த்து 'சிக்கனம்' என்று பாராட்டுவோர், அதன் மறுபக்கத்தில் கூடியிருக்கும் உழைப்பையும் இருமலையும் எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

நாட்டின் மின் கட்டமைப்புக்கு இன்று தேவைப்படும் சிக்கனமும் சற்று வேறுபட்டது. கூரைச் சூரியத் தகடுகள் பெருகிவிட்டதால் விடுமுறை நாட்களின் நண்பகலில் மின்சாரம் மிகையாகிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்கு முன் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபநிலையத்தில் பாய்ந்த குரங்கு பற்றிய செய்தியே உலகெங்கும் பேசப்பட்டது. எனினும் கேள்வி குறைவான நேரத்தில் சூரிய மின்சாரம் மிகுந்திருந்தமை கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருந்தது என்பதே முக்கியமானது. மறுபுறம், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில்தான் செலவு கூடிய எண்ணெய் மின் நிலையங்களின் உதவி தேவைப்படுகிறது. பகலெல்லாம் மலையில் நிற்கும் தொழிலாளிக்கும், இரவு எட்டு மணிவரை ஹற்றன் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் தமிழ், முஸ்லிம் வர்த்தகருக்கும் தமது மின்பாவனையைப் பகலுக்கு மாற்றிக் கொள்ளும் வசதி குறைவு. பகல் மின்சாரம் மலிவானது என்பதால் அவர்களுக்குக் கிட்டுவது ஒன்றுமில்லை. நோன்பு காலத்தில் இப்தார் வேளையும் இந்த உச்ச நேரத்தை ஒட்டியே வருகிறது.

இவை யாவற்றிலும் பெரிய அநீதி, மின்மானி எத்தனை பேருக்குரியது என்பதில் இருக்கிறது. கட்டணப் படிகள் இணைப்புக்கு வகுக்கப்பட்டவையே தவிர, ஆளுக்கோ குடும்பத்துக்கோ வகுக்கப்பட்டவை அல்ல. தோட்டங்களில் பெற்றோர், மணமான மகன், மணமான மகள் என மூன்று குடும்பங்கள் ஒரே லயன் வீட்டில், ஒரே மின்மானியின் கீழ் வாழ்வது அபூர்வமல்ல. ஒவ்வொரு குடும்பமும் மாதம் 40 அலகு மாத்திரம் பாவித்தாலும் மின்மானி 120 என்று காட்டும். 2023 பெப்ரவரிக் கட்டணத்தில் அதற்கு 6,780 ரூபா. தனித்தனி இணைப்பு இருந்திருப்பின் தலா 1,820 வீதம் மொத்தம் 5,460 ரூபாவே. நெருக்கடிக்கு முந்திய கட்டண முறையிலும் இதே ஓரவஞ்சனை இருந்தது. நகரத்தில் இருவர் வாழும் வசதியான வீடு 'சிக்கனப் பாவனையாளர்' பட்டியலில் சேர, பத்துப் பேர் நெருங்கி வாழும் லயன் வீடு 'கூடிய பாவனையாளர்' ஆகிவிடுகிறது. வறியவருக்கென வகுக்கப்பட்ட சலுகை, வறுமையின் மிக வெளிப்படையான அடையாளமான இடநெருக்கடியையே காரணமாகக் கொண்டு மறுக்கப்படுகிறது.

தனி இணைப்புப் பெறலாமே என்று கேட்கலாம். குடியிருக்கும் வீட்டுக்கு உறுதி இல்லாதவர், இணைப்புக்கு விண்ணப்பிக்கத் தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தை நாடி நிற்க வேண்டியவராகிறார். அதன் பின்னர் வயரிங் செலவும் வைப்புப் பணமும் இருக்கின்றன. 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பெருந்தோட்டக் கம்பனிகள் சில இன்று தமது ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்களை அமைத்துத் தேசிய மின் கட்டமைப்புக்கு மின்சாரத்தை விற்கின்றன. வரவேற்கத்தக்க முயற்சிதான். அதே தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மின்மானி என்பதை உறுதிப்படுத்துவதற்கு அவ்வளவு பொறியியல் திறமை தேவையில்லை. புதிய தனி வீடுகள் கட்டி முடியும் வரை இதனைத் தள்ளிப் போடுவதற்கும் காரணம் இல்லை.

மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிப்பதற்கான சட்டம் 2024 இல் நிறைவேற்றப்பட்டது. விநியோகப் பொறுப்பு எவர் கைக்குச் சென்றாலும், கட்டணத் திருத்தங்களுக்கு முன்னர் மக்களின் கருத்தைக் கேட்கும் கடமை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு உண்டு. அந்த அமர்வுகளில் கைத்தொழில் அதிபர்களும் ஹோட்டல் உரிமையாளர்களும் புள்ளிவிபரங்களோடு ஆஜராகின்றனர். மலையகத்தின் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு சிறு பங்கையேனும் இதற்குக் காட்டலாம். 2021 இல் 1,000 ரூபாவாக இருந்து 2024 செப்டெம்பரில் 1,350 ஆக உயர்ந்த நாட்சம்பளத்தை, மின் பட்டியலின் ஒரு படி எவ்வாறு விழுங்குகிறது என்பதைக் காட்டுவதற்குப் பெரிய ஆய்வுகள் வேண்டியதில்லை. ஒரே மின்மானியைப் பகிரும் பத்து லயன் வீடுகளில் மூன்று மாதம் குறித்து வைத்த கொப்பிகளும், அவ்வீடுகளில் வாழ்வோரின் எண்ணிக்கையும் போதுமானவை.