கட்டைவிரல் உத்தியோகம்

மசாஜ் நாற்காலிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஜப்பானின் ஒசாகா நகரில் 1954-ல் நோபுவோ ஃபுஜிமோட்டோ அதைப் பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கினார். இன்று மால், விமான நிலையம் என்று எங்கும் அது காத்திருக்கிறது; காசு போட்டால் முதுகைப் பிசையும். இந்த வாரம் அப்படி ஒன்றில் பத்து நிமிடம் கழிந்தது. உட்கார்ந்தவரின் உயரத்தை நாற்காலி தானே முடிவு செய்துகொண்டதால், கழுத்தைப் பிடிக்க வேண்டிய உருளை பின்மண்டையில் ஏறி உருண்டது. போதாக்குறைக்கு, நிறுத்தும் பொத்தானைக் காணவில்லை.

மனிதர் செய்யும் மசாஜ் கேள்வியில் தொடங்குகிறது. தேர்ந்த மசாஜ் தெரபிஸ்ட், படுக்கச் சொல்வதற்கு முன்பே விசாரித்துவிடுவார். காய்ச்சல் உண்டா, எலும்பு முறிந்ததா, அண்மையில் ஆபரேஷன் நடந்ததா, கர்ப்பமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று எல்லாம் கேட்பார். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைச் சதை வலிக்கிறது என்றால் அந்தக் காலில் கை வைக்கமாட்டார். உள்ளே ஆழத்திலுள்ள நாளத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. "நல்லா அழுத்திப் பிடிங்க" என்று வந்தவரை டாக்டரிடம் திருப்பி அனுப்புவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். அந்த ஒரு மணி நேரத்துக்கான கூலி போனது போனதுதான்.

அடுத்தது துணி. வேலை நடக்கும் இடம் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் போர்த்தியிருக்கும். எண்ணெயை நேரே முதுகில் ஊற்றாமல் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்கள். அதன்பின் "அழுத்தம் போதுமா, குறைக்கட்டுமா?" என்று கேட்பார்கள். பதில் பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும். காசு கொடுத்துப் படுத்துவிட்டு வலியைத் தாங்கிக்கொள்வதை வீரமாக நினைப்பவர்கள் நம்மில் அதிகம். அதனால் வாயை நம்பாமல் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மூச்சு அடங்கி நிற்கும், கால் விரல்கள் மடங்கும், தோள் காதை நோக்கி ஏறும். இவற்றைக் கண்டதும் கை தளரவேண்டும்.

இந்தக் கைவேலைக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்கிறது. ஊர்ப் பேச்சில் நீவிவிடுவது, உருவிவிடுவது, சுளுக்கெடுப்பது. மசாஜ் என்று சொன்னால்தான் வம்பு. 'மசாஜ் சென்டர் என்ற பெயரில்' என்று ஆரம்பிக்கும் தலைப்பைப் படித்துப் படித்துப் பழகிய வீட்டு உரிமையாளர், வாடகைக்கு வந்தவர் தொழிலைச் சொன்னதும் புருவத்தை உயர்த்துகிறார்.

புருவம் உயர்த்தாமல் எழுதப்பட்ட நாவல் ஒன்று இருக்கிறது. எழுதியவர் சீன எழுத்தாளர் பீ ஃபெய்யூ. 2008-ல் சீனத்தில் வந்த 'துய்னா' என்ற அந்த நாவல் 2011-ல் மாவ் துன் இலக்கியப் பரிசு பெற்றது. தலைப்பிலுள்ள இரண்டு எழுத்துகளுக்கும் பொருள் தள்ளுவது, பிடிப்பது. நம் தொக்கணப் பட்டியலுக்குப் பக்கத்து வீடு. கதை நடப்பது நான்ஜிங் நகரில், பார்வையற்றவர்களே முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் இருக்கும் ஒரு மசாஜ் நிலையத்தில். நாவலாசிரியர் இளமையில் அதே நகரில் சிறப்புக் கல்விக்கு ஆசிரியர்களைத் தயாரிக்கும் பள்ளியில் வேலை பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, யாரையும் தியாகியாக்கவில்லை. பொறாமை, கஞ்சத்தனம், காதல், கூலித் தகராறு எல்லாம் இருக்கின்றன. சீனத்தில் ஒரு வாடிக்கையாளரைக் கவனிக்கும் நேரத்துக்கு 'மணி' என்று பெயர். வேலையில் இறங்குவது மணி ஏறுவது, முடிப்பது மணி இறங்குவது. இன்னார்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்டால் அது தனி மதிப்பு.

அந்த நாவலில் தூ ஹொங் என்று ஒரு பெண். பியானோ படித்தவள். ஒரு மேடையில் மோசமாக வாசிக்கிறாள், அரங்கமோ இடிபடக் கைதட்டுகிறது. கைதட்டல் இசைக்கு அல்ல, தன் கண்ணுக்கு என்று தெரிந்த அன்றே பியானோவை மூடிவிட்டு மசாஜ் கற்றுக்கொள்கிறாள். மசாஜ் மேஜையில் இரக்கத்துக்கு இடமில்லை. முதுகுவலி தீர்ந்ததா இல்லையா, அவ்வளவுதான்.

பார்வையற்றவர்களுக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு கிழக்காசியாவில் பழையது. தென்கொரியாவில் மசாஜ் தொழில் உரிமம் சட்டப்படி அவர்களுக்கு மட்டுமே உரியது. 2006 மே மாதத்தில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தபோது, அவர்கள் சியோலில் ஹான் ஆற்றுப் பாலத்தில் திரண்டார்கள். சிலர் ஆற்றில் குதித்தார்கள். சில மாதங்களுக்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஒதுக்கீட்டைத் திரும்பக் கொடுத்தது. 2008-ல் அதே நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

கண் இல்லாமல் நடக்கும் தொழில் கட்டைவிரல் இல்லாமல் நடப்பதில்லை. நாளுக்கு ஐந்தாறு பேரின் முதுகை விரலாலேயே அழுத்தினால் கட்டைவிரலின் அடி மூட்டு சில வருடங்களில் தேய்ந்துவிடலாம். அனுபவசாலிகள் விரல் பலத்தை நம்புவதில்லை. மேஜையைத் தாழ்த்தி வைத்து, காலை ஊன்றி, உடல் எடையைச் சாய்த்து அழுத்துவார்கள். முடிந்த இடத்திலெல்லாம் முழங்கையையும் முன்கையையும் பயன்படுத்துவார்கள். தூ ஹொங்கின் கட்டைவிரலோ அறைக் கதவு அறைந்து சாத்தியதில் முறிந்துபோகிறது. சக தொழிலாளிகள் அவளுக்காகப் பணம் சேர்க்கிறார்கள். மறுபடியும் இரக்கம். அவள் நிலையத்தை விட்டுப் போய்விடுகிறாள்.

மசாஜ் முடிந்ததும் சட்டென்று எழக்கூடாது. ரத்த அழுத்தம் சற்று இறங்கியிருக்கும், தலை சுற்றும். ஒரு பக்கமாகப் புரண்டு, கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு எழவேண்டும். கூலியில் பேரம் பேசுகிறவர்கள் அந்தப் பேச்சைப் படுப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளட்டும்.