வினையூக்கியும் தமிழ்த்துறையும்

மழைக்காலத்து நீரைத் தேக்கிவைத்துக் கோடையில் வயலுக்குப் பாய்ச்சிய ஊர் உத்திரமேரூர். முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரிக்கென்றே ஒரு வாரியம் பேசப்படுகிறது. கிடைக்கும்போது தேக்கி, இல்லாதபோது வழங்குதல் இவ்வூரார்க்குப் புதிய கருத்தன்று. பகல் வெயிலில் பெறும் மின்னாற்றலை இரவுக்குத் தேக்குவது எங்ஙனம் என்று வேதியியலார் இன்று ஆராய்வதும் அதனையொத்ததே.

நீரை மின்சாரத்தால் பிரித்து, ஹைட்ரஜனைச் சேமித்து, வேண்டும்போது எரிபொருள் மின்கலத்தில் ஆக்சிஜனோடு கூட்டி மீண்டும் மின்சாரம் பெறுதல் ஒரு வழி. நீரிலிருந்து ஆக்சிஜன் பிரியும் வினையோ மிக மந்தமானது. அதனால் ஆற்றல் வீணாகிறது. வினையை விரைவுபடுத்தித் தான் செலவழியாமல் நிற்கும் பொருள் ஒன்று வேண்டும். அமிலச் சூழலில் அப்பணிக்குப் பொன்னினும் அரிதான இரிடியம் தேவைப்படுகிறது. காரக் கரைசலில் எளிய நிக்கலும் இரும்புமே போதும்; அவற்றின் திறனையும் உறுதியையும் பெருக்கவே ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இப்பொருளை 'வினைவேக மாற்றி' என்றும் 'வினையூக்கி' என்றும் வழங்குகிறோம். பின்னதே என் செவிக்கு இனியது. முன்னது துல்லியமானது என்று வேதியியல் நண்பர் வாதிடுவார், வாதிடட்டும்.

மற்றொரு வழி மின்கலம். இத்துறையில் தமிழர் உளரோ எனின், உளர். தென்தமிழகத்து அமரபுரம் என்னும் சிற்றூரில் 1951-இல் பிறந்த ஆறுமுகம் மந்திரம், மதுரையில் பயின்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் இருந்தவர். லித்தியம் மின்கலத்திற்கு விலைமிக்க கோபால்ட் ஆராயப்பட்டுவந்த நிலையில், 1987-லும் 1989-லும் ஜான் குடினஃபுடன் இணைந்து இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்து புதுவழி கண்டார். பின்னாளில் வந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்திற்கு அவ்வாய்வு முன்னோடியாகும். எரிபொருள் மின்கலத்துக்கான வினையூக்கிகளையும் அவர் ஆராய்ந்துள்ளார். 2019-இல் நோபல் பரிசு பெற்ற குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் பேருரை நிகழ்த்தியவரும் அவரே.

சிற்றூரிலிருந்து பேருந்தேறி வரும் மாணவன் ஒருவன் என்னிடம், "ஐயா, வேதியியலை மனப்பாடம் செய்துவிடுகிறேன், விளங்கத்தான் இல்லை" என்றான். அடுத்த ஆண்டு அவன் வகுப்பில் இல்லை. குறை அவனுடைய அறிவினுடையதன்று. கலைச்சொல்லை ஆக்கித் தந்ததோடு தமிழின் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். அச்சொல்லை வாக்கியத்தில் வைத்து, உவமை கூறி, ஏரியையும் மதகையும் காட்டி விளக்கும் உரைநடையை யார் எழுதுவது? வேதியியலார் தமிழ்த்துறையைச் சுட்டுகின்றனர். நாமோ சங்க இலக்கியத்தைச் சுட்டி ஒதுங்குகிறோம். இருபதாண்டுகளாக நானும் அங்ஙனமே ஒதுங்கியவன்.

அடுத்த மலரில் ஐந்து பக்கங்களை வேதியியல் மாணவர்க்கு ஒதுக்குமாறு துறைத்தலைவர் அவர்களை வேண்டுகிறேன். பொருளை அவர்கள் எழுதட்டும். நடை திருத்தும் பணியை நான் ஏற்கிறேன்.