தண்ணீர் எங்கே போகிறது?

2023 ஜூலை 4ஆம் தேதி, மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் பலாஸ்னேர் கிராமத்தருகே, மலைச்சரிவில் இறங்கி வந்த ஒரு கன்டெய்னர் லாரி முன்னால் போன வண்டிகளை இடித்துத் தள்ளி, சாலையோர ஓட்டலுக்குள் புகுந்தது. குறைந்தது 10 பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றது செய்தி. அதைத் தமிழாக்கிக் கொடுத்த பிறகு அன்று வேறு வேலை ஓடவில்லை. அதே சரிவில் 13 வருடங்களுக்கு முன் நான் ஒரு பழைய லாரியில் இறங்கியிருக்கிறேன். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள், அந்த லாரிக்குள் ஊற்றிய தண்ணீர் எங்கே காணாமல் போகிறது என்று தேடிய ஒரு கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

2010 ஜூலை. மால்வா சீமையின் சோயா புண்ணாக்கு துறைமுகம் போகும் வழியைப் பார்த்து எழுதுவதற்காக இந்தூரில் லாரி ஏறினேன். 1999 மாடல் டாட்டா. ஓட்டுபவரே சொந்தக்காரர், இரண்டாம் கையாக வாங்கியது, தவணை பாக்கி இருந்தது. சரக்கு ஏற்றித் தார்ப்பாய் கட்டியாயிற்று. "மிஸ்திரியிடம் ஒரு மணி நேர வேலை, முடித்துவிட்டுக் கிளம்பலாம்" என்றார். தேவாஸ் நாகா பக்கம் ஒரு பட்டறையில் நிறுத்தினார்.

குறை இதுதான். 40, 50 கிலோமீட்டருக்கு ஒரு முறை ரேடியேட்டர் 3 லிட்டர் தண்ணீர் கேட்கிறது. ஒன்றரை மாதமாக இதே கதை. முதல் பட்டறையில் ஹோஸ், கிளாம்பு எல்லாம் புதிதாகப் போட்டார்கள். இரண்டாம் பட்டறையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓட விட்டார்கள். உள்ளே குமிழி குமிழியாக வந்தது. "ஹெட் கேஸ்கட் போய்விட்டது" என்று ஹெட்டை இறக்கிப் புது கேஸ்கட் போட்டு ஏற்றினார்கள். குமிழி நிற்கவில்லை. மறுபடி இறக்கி, முகத்தை இழைத்து ஏற்றினார்கள். 38,000 ரூபாய் போயிற்று. மூன்றாவதாக துலே போகும் வழியில் ஒருவர், வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சிறு துளையில் சொட்டுவதைக் கண்டுபிடித்து அதை எம்-சீல் வைத்து அடைத்தார். கடைசியாக, இரண்டு நாள் முன்பு செந்த்வாவில் சக டிரைவர் ஒருவரின் யோசனைப்படி ஒரு கைப்பிடி மஞ்சள்தூளை ரேடியேட்டரில் கொட்டியாயிற்று. இது வட இந்திய லாரிக்காரர்களின் கைவைத்தியம். தூள் ஊறி ஊசித்துளைகளை அடைக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

மிஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். டாட்டா லாரியை "மர்சிடீஸ்" என்றே சொல்கிற தலைமுறை. காரணம் உண்டு. 1954இல் டாட்டா கம்பெனி ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு லாரி செய்யத் தொடங்கியது. 1969 வரை வண்டியின் நெற்றியில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. நம் ஊரிலும் "டாட்டா பென்ஸ்" என்பார்கள்.

"ரிஸ்தா ஹை யா டபக்தா ஹை?" என்று கேட்டார். கசிகிறதா, சொட்டுகிறதா? தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்தக் கேள்வி பிடிக்காமல் போகுமா? பொசிவது, கசிவது, சொட்டுவது, ஒழுகுவது என்று நாமும் தனித்தனியாகச் சொல் வைத்திருக்கிறோம். டிரைவர் கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டும் இல்லை சாச்சா. போகுது. அவ்வளவுதான்."

மிஸ்திரி முதலில் கை வைத்தது எம்-சீலில். ஸ்க்ரூ டிரைவரால் அதைச் சுரண்டி எடுத்தார். கோபமாகத்தான் எடுத்தார். வாட்டர் பம்பில் ஒரு பக்கம் தண்ணீரைத் தடுக்கும் சீல், மறுபக்கம் பேரிங். நடுவில் வேண்டுமென்றே ஒரு துளை விட்டிருக்கிறார்கள். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியே வெளியே வந்து சேதி சொல்லும். ஆங்கிலத்தில் இதற்கு 'வீப் ஹோல்' என்று பெயர். ஒரு தொழில்நுட்பக் கையேட்டில் நான் இதைக் 'கசிவுத் துளை' என்று மொழிபெயர்த்திருக்கிறேன். 'அழும் துளை' என்று எழுதத் தைரியம் வரவில்லை. மிஸ்திரி அதைவிட நன்றாகச் சொன்னார்: "இது வாய் பேட்டா. வாயை மூடிட்டா வியாதி போயிடுமா?"

பம்புக்குப் புது சீல் போட்டார். ஆனால் அங்கே போனது சில சொட்டுகள்தான். 3 லிட்டருக்குக் கணக்கு வரவில்லை.

அன்று ராத்திரி லாரிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து, பறக்காமல் கல் வைத்தார். இந்தூரின் 'நயீ துனியா', ஒரு வாரத்து இதழ்கள். எங்கள் தொழிலின் இன்னொரு உபயோகம். காலையில் குனிந்து பார்த்தோம். இரண்டு இடத்தில் எண்ணெய்க் கறை. தண்ணீர் பட்ட தடம் எங்கும் இல்லை. என்ஜின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்தால் மோர் நிறமாகிவிடும், ஆகவில்லை. புகைபோக்கியில் வெள்ளைப் புகையும் இல்லை. அதாவது நின்றிருக்கும்போது தண்ணீர் வெளியே சொட்டவில்லை, என்ஜினுக்குள்ளும் போகவில்லை.

மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓட விட்டார். குமிழிகள் வந்தன. ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, எதுவும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. சரக்கு நனைந்துவிடுமோ என்று தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போனார். அப்போது வண்டிக்கு அடியிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்டது. லாரி பக்கத்தில் நின்ற யாரும் கேட்டிருக்கும் சத்தம். மிஸ்திரி கையை உயர்த்தினார்.

"பாபு, குமிழியைப் பாருங்க."

நின்றிருந்தது.

பையனை ஏறச் சொல்லி பிரேக்கை நாலைந்து தடவை மிதிக்க வைத்தார். மீட்டர் முள் இறங்கியது. குமிழி திரும்ப வந்தது. முள் 7ஐத் தாண்டி ஏறியதும் மறுபடி 'ஸ்ஸ்ஸ்'. குமிழி நின்றது. நாலு தடவை இப்படிச் செய்தார். மூன்றாவது தடவைதான் எனக்குப் புரிந்தது.

லாரியின் பிரேக்கை வேலை செய்ய வைப்பது காற்று. என்ஜின் ஒரு கம்ப்ரஸரைச் சுழற்ற, அது காற்றை அழுத்தி இரும்பு டேங்குகளில் அடைக்கிறது. டேங்க் நிரம்பியதும் கம்ப்ரஸர் அடைப்பதை நிறுத்துகிறது. அந்த 'ஸ்ஸ்' அப்போது வருவது. அழுத்தும்போது சூடாகும் கம்ப்ரஸர் தலையைக் குளிர வைக்க இந்த வண்டியில் ரேடியேட்டர் தண்ணீர்தான் அதைச் சுற்றி ஓடுகிறது. அங்கே தலையில் ஒரு மயிரிழை விரிசல். கம்ப்ரஸர் அழுத்தும்போது காற்று தண்ணீருக்குள் புகுந்து, ரேடியேட்டரில் குமிழியாகி, தண்ணீரை ஓவர்ஃப்ளோ குழாய் வழியே தள்ளுகிறது. மழை பெய்து நனைந்த சாலையில் அதை யார் பார்ப்பது? என்ஜினை அணைத்ததும் வழி மாறுகிறது. சூட்டில் அழுத்தம் ஏறியிருக்கும் தண்ணீர் விரிசல் வழியே கம்ப்ரஸருக்குள் இறங்குகிறது. அடுத்த முறை கிளப்பும்போது காற்றோடு சேர்ந்து டேங்குக்குப் போகிறது.

டேங்கின் அடி வால்வைத் திறந்தார். சாம்பல் நிறத்தில், எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பு கொட்டியது.

"மழைக்காலத்துல டேங்க்ல தண்ணி வரும்தானே சாச்சா?" என்றார் டிரைவர். வரும்தான். காற்றின் ஈரம் உள்ளே குளிர்ந்து தண்ணீராகும். அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை. ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றியிருந்தால் நிறம் காட்டிக் கொடுத்திருக்கும். இவர் ஊற்றியது கிணற்றுத் தண்ணீர்.

மிஸ்திரி குழம்பைத் துடைத்த துணியைத் தொட்டியில் நனைத்து, துணி சோப்பைத் தேய்த்தார். துணியில் ஒரு ஓரம் சிவந்தது. ஆரத்தித் தட்டு பார்த்து வளர்ந்த எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், துணி சோப்பு பட்டாலும் சிவக்கும். செந்த்வாவில் ரேடியேட்டரில் போட்ட மஞ்சள் பிரேக் டேங்குக்கு வந்து சேர்ந்திருந்தது.

"பிரேக்ல எதாவது குறை இருந்துச்சா?" என்றார் மிஸ்திரி.

"கொஞ்சம் லேட்டா பிடிக்குது. போன வாரம்தான் லைனிங் மாத்தினேன்."

"பிஜாசன் எத்தனை தடவை இறங்கினே?"

"மூணு."

டிரைவர் எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

முந்தைய மூன்று பேரையும் முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் என்று நினைப்பதுதான் நியாயம். பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனால் தண்ணீர் ஒரு பட்டறையிலும், பிரேக் இன்னொரு பட்டறையிலும் காட்டப்பட்டது. டிரைவரின் செலவு நோட்டில்கூட இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருந்தன. இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்க ஆள் இல்லை.

கம்ப்ரஸர் தலையைக் கழற்றி, டீசல் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினார். சிறிது நேரத்தில் வெள்ளைப் பொடியில் ஒரு கருங்கோடு ஊறி எழுந்தது. விரல் நீளம்கூட இல்லை. மாற்றுத் தலை வந்து சேர மதியமாகிவிட்டது. அதைவிட அதிக நேரம் பிரேக் வால்வுகளுக்குப் போயிற்று. உள்ளே துரு, விறைத்துப்போன ரப்பர். ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, ரப்பர்களை மாற்றினார். கூலி விஷயத்தில் இருவரும் சண்டை போட்டார்கள். வழக்கத்துக்கு மாறாக, குறைவாகக் கேட்டதற்காக.

சாயங்காலம் கிளம்பினோம். அப்போது அதை எல்லோரும் 3ஆம் எண் சாலை என்பார்கள். கல்காட்டில் நர்மதையைத் தாண்டி, விடியும் முன் செந்த்வா. பிஜாசன் மாதா கோயிலில் டிரைவர் இறங்கித் தேங்காய் உடைத்தார். பிறகு லாரிக்கு அடியில் போய் டேங்க் வால்வைத் திறந்தார். வெறும் காற்று வந்தது. கையை நீட்டிக் காட்டினார், உள்ளங்கை உலர்ந்திருந்தது. இரண்டாவது கியரில் சரிவு முழுக்க இறங்கினோம். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிவாரத்தில், பலாஸ்னேரில், ஒரு ஓட்டல் முன் நிறுத்தினார். பழக்கதோஷம், டீ சொல்வதற்கு முன் தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகினார். உள்ளே தண்ணீர் கழுத்துவரை நின்றது. ஜாடியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அந்தத் தண்ணீரை முன் கண்ணாடியில் ஊற்றித் துடைத்தார்.