சிரிக்கும்போது வாயைப் பொத்துகிறவர்கள்



கோடை வந்தால் கலியாணங்களும் வந்துவிடும். போன மாதம் இளையோர் கூடுகை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையாகப் போகிற தம்பி ஒருவர் கைபேசியை எங்களிடம் நீட்டினார். சென்னையில் ஒரு பல் வைத்தியசாலையின் விளம்பரம். முன்பற்கள் எட்டுக்கும் வெனீர், ஒரே கிழமையில் வேலை முடிந்துவிடுமாம். "ஊருக்குப் போகிற வழியில் செய்துகொண்டு வரலாமா, அக்கா?"

நாங்கள் தாதிமார், பல் வைத்தியர்கள் அல்ல. ஆனாலும் தம்பியின் பற்களைப் பார்த்தோம். வரிசை நல்ல வரிசை. கோப்பி ஏற்றிய மஞ்சளைத் தவிர எங்கள் கண்ணுக்கு வேறு குறை தெரியவில்லை.

வெனீர் என்றால் பொய்நகம் மாதிரி ஒட்டிக் கழற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1928 இல் கலிபோர்னியாவில் சார்ள்ஸ் பின்கஸ் என்ற பல் வைத்தியர் சினிமா நடிகர்களுக்கு மெல்லிய ஓடுகள் செய்துகொடுத்தார். பொய்ப்பல் ஒட்டும் தூளால் ஒட்டிக்கொண்டு நடிப்பார்கள், படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைப்பார்கள். 1955 இல் மைக்கேல் புவனோகோர், எனாமலில் அமிலம் பூசினால் பிசின் இறுகப் பிடிக்கும் என்று காட்டினார். 1980களில் பீங்கான் ஓட்டையும் அவ்வாறு ஒட்டத் தொடங்கினார்கள். அதோடு கழற்றி வைக்கிற கதை முடிந்தது. ஓடு பொருந்துவதற்காகப் பெரும்பாலும் பல்லின் முன்பக்கத்தில் அரை மில்லிமீற்றர் அளவுக்கு எனாமலைச் சீவுவார்கள். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் வளரும். எனாமல் வளராது. அதை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஓடோ பத்துப் பதினைந்து வருடம் உழைத்தால் நல்லது. பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகும் ஒன்று. ஜனவரிப் பனியில் இங்கே ஓடு கழன்றால் சென்னைக்கா ஓடுவது?

முதலில் இங்கேயே பல்லைச் சுத்தம் செய்யுங்கள் என்றோம். போதாவிட்டால், பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்துதரும் தட்டில் பெரொக்சைட் ஜெல் வைத்து வெளுக்கலாம். சில நாள் பல் கூசும், பிறகு அடங்கும். அடைத்த இடமும் கவசப் பல்லும் நிறம் மாறாது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எலுமிச்சம்பழமும் கரித்தூளும் வேண்டவே வேண்டாம். எனாமல் தேய்ந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள்தான் இன்னும் தெரியும்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்ட ஒரு தங்கை, எல்லோரும் போனபிறகு வந்தார். சிரித்தால் கையால் வாயைப் பொத்துகிறவர். வெட்கம் என்று நினைத்திருந்தோம். கையை எடுத்தார். முன்பற்களில் மண்ணிறத் திட்டுகள்.

பிறந்தது வவுனியாப் பக்கம், ஒன்பது வயதுவரை கிணற்றுத் தண்ணீர். அந்த வறண்ட நிலத்தின் சில கிணறுகளில் புளோரைட் கூட. தர்மபுரியிலும் இதே கதைதான். எட்டு வயதுக்குள், பல் ஈறுக்குள் உருவாகும்போதே கறை ஏறிவிடும். எவ்வளவு தீட்டினாலும் போகாது. (புளோரைட் என்றதும் பற்பசையைத் தூக்கி எறியாதீர்கள். அளவாக இருந்தால் அதுதான் பல்லைச் சூத்தையாகாமல் காக்கிறது. பொயின்ட்-கிளேர், டோர்வல் நிலையங்களில் தண்ணீருக்கு அதைச் சேர்ப்பதை நிறுத்த 2024 நவம்பரில் தீர்மானித்துவிட்டார்கள், ஆகவே பற்பசை இன்னும் முக்கியம்.)

சபையில் யாரோ அவரிடம் "ஆண்டவர் தந்த பல், அப்படியே இருக்கட்டும்" என்றார்களாம். மூக்குக்கண்ணாடி போட்டு வேதம் வாசிக்கிற நாங்கள் இதைச் சொல்லாமல் இருக்கலாம். இப்படிப்பட்ட கறைக்கு முதலில் மேற்பரப்பை மிக மெல்லிதாகத் தேய்த்தெடுத்து வெளுத்துப் பார்ப்பார்கள், பலருக்கு அதுவே போதும். கறை ஆழமாக இருந்தால் வெனீர். அப்போது அது வீண் அலங்காரம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

கனடாப் பல் பராமரிப்புத் திட்டம் வெளுப்பதற்கோ வெனீருக்கோ பணம் தராது. ஆனால் தனியார் காப்புறுதி இல்லாத, வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்த குடும்பங்களுக்குப் பரிசோதனை, சுத்தம், அடைப்புக்கு உதவும். மக்கில் பல்கலைக்கழகத்தின் பல் வைத்திய மாணவர் கிளினிக்கில் கட்டணம் குறைவு.

தம்பி சென்னைப் பயணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார். தங்கைக்கு அடுத்த மாதம் நேரம் கிடைத்திருக்கிறது. கூட வரமுடியுமா என்று கேட்க அவருடைய அம்மா எங்களுக்குப் போன் எடுத்தார். கிணற்றுத் தண்ணீர் விஷயத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பல் தீட்டுவதில்லை என்று எத்தனை நாள் இந்தப் பிள்ளையை ஏசியிருப்பேன்" என்றார்.