பித்தும் பீங்கானும்

மனநோயை ஹார்மோனைக் கொண்டு விளக்குவது மனிதத் துயரத்தைச் சோதனைக்குழாய்க்குள் அடைப்பதாகும் என்றொரு வாதம் நம் சிற்றிதழ்ச் சூழலில் நெடுங்காலமாக உலவுகிறது. தொண்ணூறுகளில் ஃபூக்கோவின் பெயர் இங்கே புழக்கத்துக்கு வந்தபோது அதற்கு ஒரு தத்துவ மேலாடையும் கிடைத்தது. பைத்தியம் அதிகாரம் கட்டமைத்த சொல்லாடல், பித்து படைப்பின் ஊற்று, மருத்துவன் காவலாளி. சாரம் இவ்வளவுதான். விருத்தாசலத்தில் அமர்ந்து, பாடம் நடத்திய நேரம் போக இதழ்களைப் படித்து வரும் நாம் இதை ஏற்பதற்கில்லை.

எதை மறுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு மறுப்பது நல்லது. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழுவினர் எலிகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம், பத்து நாட்கள், அசைய முடியாதபடி வைத்தார்கள். நினைவுக்குத் துணைசெய்யும் ஹிப்போகேம்பஸில் நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்கின. இது எதிர்பார்த்ததே; மன அழுத்த ஹார்மோன் அப்பகுதியில் சென்று பற்றுவதை அமெரிக்காவில் புரூஸ் மெக்யூவன் 1968லேயே காட்டியிருந்தார். அச்சத்தை ஆளும் அமிக்டலாவிலோ அதே கிளைகள் வளர்ந்தன. இது 2002இல் வெளிவந்த முடிவு. 2004இல் வந்தது இன்னும் கடுமையானது. எலிகளை 21 நாட்கள் தொந்தரவின்றி விட்ட பின் ஹிப்போகேம்பஸ் மீண்டது, அமிக்டலா மீளவில்லை. அச்சமும் தணியவில்லை.

நம் ஊர்க்காரருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சூளைக்குப் போகாத அகல் விளக்கை நீரிலிட்டால் மறுபடியும் களிமண். வெந்து வந்ததை உடைக்கலாம், பிசைய முடியாது. (மூளை பீங்கான் அன்று, உவமையை இதற்குமேல் இழுக்க வேண்டாம்.)

2005இல் அக்குழு மற்றொன்றையும் கண்டது. ஒரேயொரு முறை, இரண்டே மணி நேரம் கட்டுண்ட எலியின் அமிக்டலாவில் மறுநாள் எந்த மாற்றமும் இல்லை. பத்து நாள் கழித்தே புதிய இணைப்பு முட்கள் முளைத்திருந்தன. எலிக்குக் கண்டது அப்படியே மனிதருக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆயினும், காலம் ஆற்றும் என்று துக்கவீட்டில் சொல்லிவிட்டு எழுந்து வருகிறோமே, பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவ்வீட்டுக்கு யார் போகிறார்கள்? அன்றைக்கு அழாமல் நின்ற பெண்ணைத் தைரியசாலி என்று பாராட்டிவிட்டு, பின்னர் அவள் உறங்காமல் கிடக்கையில் பாசாங்கு என்கிறோம்.

ஃபூக்கோ 1961இல் எழுதியது அடைத்துவைத்தலின் வரலாறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியபோது 28 மனநோயாளிகள் மாண்டார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. அங்கே பூட்டியது மருத்துவமோ ஹார்மோனோ அன்று. மருத்துவம் வந்து சேராத இடம் அது. ஆய்வகத்தில் ஓர் உயிரை நோயுறச் செய்யக் கையாளும் வழி அசையவிடாமல் வைப்பது. நாம் நோயுற்றவரைக் குணப்படுத்தக் கையாண்டதும் அதே வழி! பித்தைக் கொண்டாடும் நண்பர்கள் இதற்கு விடையளிக்கட்டும்.

உடலைச் சொன்னால் உள்ளம் இழிவுபடும் என்பது தமிழ் மரபும் அன்று. தொல்காப்பியர் உணர்ச்சிக்கு இட்ட பெயர் மெய்ப்பாடு, மெய்யில் படுவது. அச்சம் பிறக்கும் களன்களாக அவர் வைத்த நான்கில் அணங்கு, விலங்கு, கள்வரோடு இறையும் உண்டு. ஆள்வோன் தரும் அச்சமும் மெய்யில்தான் படும். கடனும் சாதி இழிவும் குடிகாரக் கணவனின் அடியும் நரம்பில் தடம் பதிக்கும் என்று ஓர் ஆய்வு எண்ண வைக்குமானால், அது ஒடுக்கப்பட்டவனின் பக்கம் நிற்கும் சாட்சியம். அதைப் போய் நம் முற்போக்காளர்கள் பகைக்கிறார்கள்.

கார்ட்டிசாலைக் குறைப்பதாகச் சொல்லி மாவும் மாத்திரையும் விற்போரை இதற்குள் இழுக்க வேண்டாம். 2012இல் சட்டர்ஜி குழுவினர் கண்டது அவர்களுக்கும் கசக்கும்: கட்டுண்ட வேளையில் அந்த வகை ஹார்மோன் மிகுந்திருந்த எலிகளில் பத்தாம் நாள் விளைவு தோன்றவில்லை. அது நஞ்சன்று, காப்பாகவும் நிற்கும்.

ஊருக்கருகே கொளஞ்சியப்பர் கோயிலில் மக்கள் தம் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். நிலத் தகராறு, ஏமாற்றிய பங்காளி, வராத பணம். இவையெல்லாம் நோயாளியின் வரலாற்றில் இடம்பெற வேண்டியவை. புறநோயாளிப் பிரிவில் அதைக் கேட்டு எழுத ஆளில்லை என்பது மெய்யான குற்றச்சாட்டு. அந்த வழக்கை நடத்த நாமும் வருகிறோம். ஆனால் எதிர்வாதி ஆய்வகம் அன்று.