இசைத்தட்டும் இல்லத்துப் பாட்டும்

மார்கழி பிறந்ததும் ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி முதலாய நம் மேற்புறத்து ஊர்களில் கிறிஸ்து பிறப்பின் கீதங்கள் தெருத்தோறும் ஒலித்தல் யாவரும் அறிந்ததே. அவற்றுட் பல இன்று பாடுவோர் வாயினின்று எழுவன அல்ல, பதிவுகளினின்று எழுவன. அப்பதிவுகளை யானும் பெரிதும் விரும்புகின்றேன். எனினும் அவற்றைக் குறித்து ஒன்று கூற விழைகின்றேன்.

இர்விங் பெர்லின் இயற்றிய ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ என்னும் பாட்டை அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி 1942-இல் இசைத்தட்டிற் பதித்தார். படிகள் மிகப் பல எடுத்தமையால் அதன் மூலத்தகடே தேய்ந்துபோயிற்று. ஆதலின் 1947-இல் அவரே அதனை மீண்டும் பாடினார். இன்று நாம் பெரும்பாலும் கேட்பது அவ்விரண்டாம் பதிவே. உறைபனி காணாத ஆவடியில் அமர்ந்து அக்குரலைக் கேட்குங்கால் வெண்பனி வீழ்வதையே காண்கின்றேன். நல்ல பதிவின் ஆற்றல் அத்தகையது.

இனி நம் கீர்த்தனைகளை நோக்குவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் நமக்களித்த கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, பல சரணங்கள் என விரிந்து செல்வன. பழைய பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கமோ ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும். அக்காலத்துச் சரணங்களைக் குறைத்துப் பாடினும் அது கருவியின் குறை எனலாம். இன்று கைப்பேசியில் மணிக்கணக்காகப் பதியலாம். அவ்வாறிருந்தும் யான் கேட்கும் பதிவுகள் பல இரண்டு சரணங்களோடு நின்றுவிடுகின்றன. இதற்கு யாது காரணம் கூறுவோம்?

என் பாட்டியார் புத்தகமின்றியே எல்லாச் சரணங்களையும் பாடுவார். சென்ற ஆண்டு எங்கள் தெருவிற்கு வந்த கீதபவனியில் வண்டியின்மேல் வைத்த ஒலிபெருக்கியே பாடிற்று. உடன்வந்த இளைஞர் வாய்திறவாது நடந்தனர். அவருள் யானும் ஒருவன். வாயிலில் நின்ற பாட்டியார் மூன்றாஞ் சரணத்தைத் தொடங்கினார். ஒலிபெருக்கியோ அடுத்த பாட்டிற்குச் சென்றுவிட்டது. அன்று யான் அடைந்த நாணத்திற்கு அளவில்லை.

ஆதலின், தோழர்காள்! பதிவுகளை வெறுக்க வேண்டா. விடுமுறையில் ஊர் செல்வோர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து முதியோர் ஒருவரை அணுகி, ஒரு கீர்த்தனையேனும் முதற்சரணம் முதல் இறுதிச்சரணம் வரை பாடுவித்துப் பதிந்து வருக. உடன்பாடியும் பழகுக. தகடு தேய்ந்தபோது கிராஸ்பி இருந்தார், மீண்டும் பாடினார். நம் முதியோர் குரல் அடங்கியபின் மீண்டும் பாடுவார் யாவர்?