வெயில் ஈனும் குளிர்

வெயிலைக் கொண்டே குளிரை ஆக்கலாம் என்றால் நகைப்பாரும் உளர். காற்று நீக்கிய கலத்தில் நீர் 10 பாகையிலேயே கொதிக்கும். கொதிக்குங்கால் சூழ்ந்துள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். அங்ஙனம் எழும் ஆவியைச் சிலிக்காக் களியின் நுண்டுளைப் பரப்புப் பற்றிக்கொள்கின்றது. உள்ளூறுவது உறிஞ்சல், மேலொட்டுவது பரப்புக்கவர்ச்சி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவார் இப்பொறியை அறியார். ஆவி நிறைந்த களியை, ஞாயிற்று வெம்மையால் 60 முதல் 90 பாகை வரை சூடேறிய நீர் உலர்த்தும். ஒரு படுகை உலர மற்றொன்று கவரும்.

சப்பானில் 1980-களிலேயே விற்பனைக்கு வந்த பொறி ஏன் இன்னும் பரவவில்லை? பெறும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியளவே குளிர் தருகின்றது என்பர். அது கொண்டே தள்ளுவது முறையன்று. விலைகொடுத்து வாங்கும் மின்னாற்றலும் வாளா கிடக்கும் வெயிலும் ஒருநிறையாமோ? மெய்யான குறை பருமனும் விலையுமே. கதிர்மின் தகடுகள் மலிந்தபின் அக்குறை மேலும் உறுத்துகின்றது. களிமணிகளூடே வெப்பம் மெல்லவே பரவுதலின் படுகை பெருக்க வேண்டியுள்ளது. ஆகவேதான் செருமனியின் பிரைபர்க்கு நகர் ஆய்வாளர், கவர்பொருளை மணியாகக் குவியாது வெப்பமாற்றித் தகட்டின்மீதே மெல்லிதாகப் பூசும் முறையை வளர்த்து வருகின்றனர். சிலிக்காவுக்கு மாற்றாக மாழை-கரிமச் சட்டகங்களும் ஆய்வில் உள்ளன. அவற்றைப் படைத்த மூவர்க்கே 2025-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.